‘பற்றாக்குறை’ என்னும் சொல் மறைப்பது: கர்நாடக மின்தொகுப்பும் உச்சநேர அரசியலும்

2023 அக்டோபரில், வட கர்நாடகத்தின் விஜயபுரா மாவட்டத்திலுள்ள ரோணிஹாள் என்னும் ஊரின் உழவர்கள், வயலில் பிடிபட்ட முதலை ஒன்றைக் கயிற்றால் பிணித்து, டிராக்டரில் ஏற்றி, மின் பகிர்மான நிறுவனமான ஹெஸ்காமின் துணைமின் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினர். இரவில் தரப்படும் மும்முனை மின்சாரத்தை நம்பி நீர் பாய்ச்சப் போகிறவரை இந்த முதலை கடித்தால் யார் பொறுப்பு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. வனத்துறையினர் வந்து முதலையை மீட்டுச் சென்றனர். கேள்விக்கு மட்டும் இன்றுவரை நேரான விடை இல்லை.

நகரத்தில் அச்செய்தி வேடிக்கைக் காணொளியாகப் பரவியது. கருத்தரங்குகளிலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் அக்காலத்தின் மின்நெருக்கடிக்குத் தரப்பட்ட விளக்கமோ இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது: மின்சாரம் பற்றாக்குறை, உழவர்க்கு இலவசமாகக் கொடுத்ததன் வினை. முதல் வாக்கியம் முக்கால் பொய். இரண்டாவது, குற்றவாளியை மாற்றிக் காட்டுவது. கர்நாடகத்தின் மின்தொகுப்பு உச்சத் தேவையின்போது திணறுவது உண்மை. ஆனால் அது திணறுவதற்குக் காரணம் மின்சாரம் இல்லாமை அன்று. எந்த மணி நேரத்தில், யாருக்கு, யாருடைய செலவில் என்ற கேள்வியை அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் பகிர்மான நிறுவனங்களும் நகரத்து நடுத்தர வர்க்கமும் சேர்ந்து தவிர்த்துவருவதே காரணம். ‘பற்றாக்குறை’ என்னும் சொல் அத்தவிர்ப்புக்கு இடப்பட்ட மரியாதையான பெயர்.

1. ஆண்டுக் கணக்கும் பந்திக் கணக்கும்

மின்சாரத்தைக் குறித்த பொதுப்பேச்சு இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்கிறது. யூனிட் என்பது நுகரப்பட்ட ஆற்றலின் அளவு. மெகாவாட் என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் தொகுப்பு தாங்கவேண்டிய சுமையின் அளவு. திருமண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைத்திருக்கலாம். இருநூறு பேர் வீதம் ஐந்து பந்தியாக உட்கார்ந்தால் எல்லோரும் வயிறார உண்டு எழுவர். ஆயிரம் பேரும் முதல் பந்தியிலேயே இடம் பிடிக்க முனைந்தால் இலையும் போதாது, பரிமாறுவோரும் போதார். அந்நிலையை ‘அரிசிப் பற்றாக்குறை’ என்று எவரும் விளக்குவதில்லை. மின்சாரத்தில் மட்டும் அவ்விளக்கம் ஆண்டுதோறும் ஏற்கப்படுகிறது.

பந்தியைவிட மின்தொகுப்பின் நிலை கடினமானது. வடித்த சோறு அடுத்த பந்திக்குக் காத்திருக்கும், மின்சாரம் காத்திராது. ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக நிற்கவேண்டும். அச்சமநிலையின் நாடித்துடிப்பே அதிர்வெண். இந்தியத் தொகுப்பில் அது 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. சுமை கூடி உற்பத்தி ஈடுகொடாவிடில் அதிர்வெண் சரிகிறது. சரிவு நீடித்தால் மின்னாக்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகுகின்றன. ஒன்று விலகினால் மற்றதன் சுமை ஏறுகிறது. ஆகவே உச்சநேரத்தில் ஏதேனும் ஒரு பகுதியை வேண்டுமென்றே துண்டிப்பது சில வேளைகளில் தொழில்நுட்பக் கட்டாயம். எந்தப் பகுதி என்பது மட்டும் எப்போதும் அரசியல்.

கர்நாடகத்தின் நிறுவுதிறன் ஏறத்தாழ 30,000 மெகாவாட். அம்மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மார்ச்சில் 17,000 மெகாவாட்டைத் தாண்டியது. முப்பதாயிரம் வைத்திருப்பவர் பதினேழாயிரத்துக்கு ஏன் திணறவேண்டும்? விடை எளிது. முப்பதாயிரம் என்பது ஒன்றோடொன்று கூட்டத்தகாதவற்றைக் கூட்டிவந்த தொகை. துமகூரு மாவட்டத்தின் பாவகடா சூரியப் பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். மாலை ஏழு மணிக்கு அதன் திறன் சுழி. காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வீறுகொண்டு சுழல்பவை; மார்ச்சு மாதத்துப் புழுக்கத்தில் அவற்றை நம்பித் திட்டமிட இயலாது. நீர்மின் நிலையங்கள் அணையில் நீர் உள்ளவரைதான் நிலையங்கள். ராய்ச்சூர், பெல்லாரி, எர்மரஸ் ஆகிய மூன்று அரசு அனல்மின் நிலையங்களின் திறனைச் சேர்த்தால் 5,020 மெகாவாட் வரும். அவற்றிலும் எல்லா அலகுகளும் ஒரே நாளில் பழுதின்றி ஓடுவது அரிது. அமைச்சர்களின் மேடைப்பேச்சில் இவையனைத்தும் ஒற்றை எண்ணாகிப் பெருமிதமாகின்றன. மாலை ஏழு மணிக்கு அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

2. 2023 கற்பித்த பாடம்

அவ்வாண்டின் ஆகஸ்ட், 1901 முதல் பதிவான ஆகஸ்ட் மாதங்களிலேயே இந்தியாவில் மிகக் குறைந்த மழை பெய்தது. கர்நாடகத்தின் 236 வட்டங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மழை பொய்த்ததன் விளைவு மின்தொகுப்பில் இருமுனைக் கத்தியாக இறங்கியது. ஒருபுறம் லிங்கனமக்கி உள்ளிட்ட நீர்த்தேக்கங்கள் நிரம்பவில்லை. சராவதி நிலையத்தின் 1,035 மெகாவாட் திறன், நீர் இருந்தால், சில நிமிடங்களில் எழுந்து உச்சநேரத்தைத் தாங்கக்கூடியது; மாநிலத்தின் மிக மதிப்புமிக்க சொத்து அவ்விரைவே. மறுபுறம், மழைக்காலத்தில் ஓய்ந்திருக்கவேண்டிய பம்புசெட்டுகள் கருகும் பயிரைக் காக்க ஓடத் தொடங்கின. முந்தைய ஆண்டுகளில் அம்மாதங்களில் 9,000 முதல் 10,000 மெகாவாட் அளவில் இருந்த தேவை 15,000 முதல் 16,000 வரை உயர்ந்தது என்று அரசே தெரிவித்தது. வழங்கும் கை சுருங்கிய அதே வேளையில் கேட்கும் கை நீண்டது.

அரசு செய்தவை மூன்று. முதலாவது, உழவர்க்கு உறுதியளிக்கப்பட்டிருந்த ஏழு மணி நேர மும்முனை மின்சாரத்தை ஐந்தாகக் குறைத்தது. இரண்டாவது, உத்தரப் பிரதேசத்திடமிருந்தும் பஞ்சாபிடமிருந்தும் பின்னர்த் திருப்பித்தரும் உடன்பாட்டில் மின்சாரம் பெற்றது. மூன்றாவது, 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 11 ஆம் பிரிவைக் கையிலெடுத்து, மாநிலத்திலுள்ள தனியார் மின்னுற்பத்தியாளர்கள் வெளியே விற்காமல் மாநிலத்துக்கே தரவேண்டும் என ஆணையிட்டது.

அப்பிரிவு ‘அசாதாரணச் சூழ்நிலை’களுக்கு உரியது. கர்நாடகம் அதனை 2008 இறுதியிலும் பயன்படுத்தியிருக்கிறது. தக்காணத்தில் வறட்சி எப்போது அசாதாரணமாயிற்று? பத்தாண்டுக்குள் பலமுறை வருவதை அசாதாரணம் என்று பெயரிடுவது, அதற்காகத் திட்டமிடாமல் இருந்ததை மன்னித்துவிடும் உத்தி. வறட்சியாண்டில் நீர்மின் திறன் பாதியானால் உச்சநேரத்தை எது தாங்கும் என்ற கேள்விக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட விடை இருந்திருந்தால், அக்டோபரில் சட்டப்பிரிவைத் தேடவேண்டி வந்திராது. மாநிலங்கள் தம் எதிர்காலத் தேவைக்கும் வழங்கலுக்கும் முறையாகத் திட்டமிடவேண்டும் என ஒன்றிய மின்துறை வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதே 2023 ஜூனில்தான். மின்சாரச் சட்டம் வந்து இருபதாண்டுகள் கழிந்தபின்.

3. நண்பகலின் மிகையும் மாலையின் வறுமையும்

சூரிய மின்சாரம் வந்தபின் ‘உச்சநேரம்’ என்ற சொல்லே இரண்டாகப் பிளந்துவிட்டது. முன்பு மாலை விளக்கேற்றும் பொழுதே உச்சம். இப்போது, உழவுச் சுமையைப் பகலுக்கு நகர்த்தியதன் விளைவாக, கோடையில் கர்நாடகத்தின் மிகப் பெரிய சுமை பகற்பொழுதிலேயே பதிவாகிறது. எண்ணளவில் அது பெரிது. ஆனால் அதனைத் தாங்கச் சூரியன் இருக்கிறான். இடர் வேறிடத்தில் உள்ளது. மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் சூரிய உற்பத்தி முழுதும் இறங்கிவிட, வீட்டு விளக்கும் குளிர்சாதனமும் அடுப்பங்கரைக் கருவிகளும் ஏறுகின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் பல ஆயிரம் மெகாவாட் உற்பத்தியை வேறெங்கிருந்தோ எழுப்பவேண்டும்.

அனல்மின் நிலையம் அவ்வாறு எழும் இயல்புடையதன்று. கொதிகலன் நிதானமாகச் சூடேறுவது. முழுத்திறனில் ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்குக் கீழே அதனை இறக்கி வைக்கவும் இயலாது என்பது நடைமுறை வரம்பு. ஆகவே மாலைக்கு அது வேண்டுமெனில் நண்பகலிலும் அது எரிந்துகொண்டிருக்கவேண்டும். நண்பகலில் அது எரிந்தால் சூரிய மின்சாரத்தை ஒதுக்கவேண்டும். ஒரே நாளில் மிகையும் குறையும் அருகருகே நிற்கும் இந்நிலையைப் ‘பற்றாக்குறை’ என்று அழைப்பவர் நாளின் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறார்.

இங்கே பணமும் நுழைகிறது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் சில நூறு மணி நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் திறனை யார் பேணுவது? ஓடாத நிலையத்துக்கும் கடன் உண்டு, ஊதியம் உண்டு, நிலையான கட்டணம் உண்டு. அரசின் மானியத் தொகைக்காகக் காத்துக்கிடக்கும் பகிர்மான நிறுவனம், வரலாம் வராமலும் போகலாம் என்ற ஒரு மாலைக்காக ஆண்டு முழுதும் கட்டணம் செலுத்த முன்வராது. அந்த மாலை வந்ததும் சந்தைக்கு ஓடும். சந்தையில் நாள் 15 நிமிடத் துண்டுகளாக, 96 பகுதிகளாக விலைபேசப்படுகிறது. 2022 கோடையில் விலை எல்லைமீறியபோது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 12 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. 2023 ஏப்ரலில் அது 10 ரூபாயானது. வரம்பு விதிப்பதால் கொள்ளை விலை தடுக்கப்படும் என்பது உண்மை. கூடுதல் மின்சாரம் பிறந்துவிடாது. எல்லோரும் பத்து ரூபாய் என்று எழுதிக் கேட்கும் மாலையில் கேட்டவருள் சிலர் வெறுங்கையுடன் திரும்புவர். அவர்கள் தம் நாட்டுப்புற மின்பாதைகளை அணைப்பர்.

4. பம்புசெட்: குற்றவாளியா, சுமைதாங்கியா?

கர்நாடகத்தில் பத்துக் குதிரைத்திறன் வரையிலான பாசனப் பம்புசெட்டுகளுக்கு 2008 முதல் இலவச மின்சாரம். அவற்றின் எண்ணிக்கை முப்பது இலட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் மொத்த மின்நுகர்வில் மூன்றில் ஒரு பங்களவு அவற்றுடையது என மதிப்பிடப்படுகிறது. ‘மதிப்பிடப்படுகிறது’ என்பதே இங்கு உண்மையான ஊழல். பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு அளவி இல்லை. அளவி இல்லாத கணக்கு பகிர்மான நிறுவனத்துக்கு வசதியானது: கம்பியில் இழந்ததையும் களவில் போனதையும் உழவர் பெயரில் எழுதிக்கொள்ள அங்கே இடமுண்டு. இலவச மின்சாரம் நிலத்தடி நீரை வற்றச்செய்கிறது, கணக்கைக் கெடுக்கிறது என்ற பொருளியலாளரின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதனை மறுப்பது நேர்மையன்று.

ஆனால் அது யூனிட்டின் நோய். மணி நேரத்தின் நோயன்று. இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் வாதம் தடம்புரள்கிறது. ஒரு சிறு கணக்குப் போதும். முப்பது இலட்சம் பம்புசெட்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து குதிரைத்திறன் என்று கொண்டால், ஒன்றுக்கு 3.7 கிலோவாட். அனைத்தும் ஒரே கணத்தில் ஓடினால் 11,000 மெகாவாட். அவ்வாறு ஒருபோதும் ஓடுவதில்லை. ஏன்? உழவர் விரும்பாததாலன்று, அவ்வாறு ஓட அனுமதிக்கப்படாததால். நிரந்தர ஜோதி திட்டத்தின் கீழ் ஊர் வீடுகளுக்கான மின்பாதையும் வயல்களுக்கான மின்பாதையும் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுவிட்டன. வயல் மின்பாதையின் சாவி துணைமின் நிலையத்தில் உள்ளது. இன்று இத்தனை மணிக்கு இந்தக் குழு, அத்தனை மணிக்கு அந்தக் குழு என்று முறைவைத்துத் திறப்பவரும் மூடுபவரும் மின்துறையினரே.

இதன் பொருளைப் பொருளியல் துறையினர் ஆழ்ந்து நோக்கவேண்டும். மாநிலத்திலுள்ள சுமைகளில், அரசு தன் கையால் நாள்தோறும் நகர்த்தக்கூடிய பெருஞ்சுமை உழவர் சுமை ஒன்றே. பெங்களூரின் குளிர்சாதனத்தை எந்த அதிகாரியும் நள்ளிரவுக்கு நகர்த்த இயலாது. வயலின் பம்பை நகர்த்தலாம், நகர்த்துகிறார்கள். மாலை உச்சத்தில் தொகுப்பு நிலைகுலையாமல் நிற்பது, அந்நேரத்தில் வயல்கள் அணைக்கப்பட்டிருப்பதால். கோடிக்கணக்கில் செலவிட்டு மின்கல அமைப்புகள் நிறுவிப் பெறவேண்டிய சேவையை உழவர் தம் உறக்கத்தால் வழங்கிவருகிறார். இலவச மின்சாரம் என்பது விலையற்ற மின்சாரமன்று. அதன் விலை இரவு இரண்டு மணிக்குப் பாம்பும் சேறும் நிறைந்த வரப்பில் செலுத்தப்படுகிறது. அந்த விலைக்குப் பட்டியலில் பத்தி இல்லாததால் அது ‘மானியம்’ என்று மட்டுமே பதிவாகிறது.

5. பெங்களூரின் மாலை

கர்நாடகத்தின் மின்வரலாறு பெங்களூருக்கு வெளியே தொடங்கியது. 1902 இல் சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. நகரத்தின் தெருவிளக்குகள் எரிந்தது 1905 இல். சுரங்கம் இரவுபகலாக ஓடுவது. சுமை ஏறக்குறைய மாறாதது. தொகுப்புக்கு அதனினும் ஒழுங்கான நுகர்வோர் இல்லை. இன்றைய பெங்களூர் நேரெதிரானது. பகலில் அலுவலகக் கட்டடங்களின் குளிர்ச்சி, காலையில் குளியலறை வெந்நீர், மாலையில் எல்லாமும். ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் எனக் கொண்டால், பத்து இலட்சம் வீடுகள் ஒரே மாலையில் அதனை இயக்கினால் 1,500 மெகாவாட். பெல்லாரி அனல்மின் நிலையத்தின் முழுத்திறனுக்குச் சற்றே குறைவு. அந்நிலையத்தைக் கட்டும் செலவில் தம் பங்கு என்ன என்று எந்த அடுக்ககச் சங்கமும் விவாதிப்பதில்லை.

2023 இல் தொடங்கிய கிருக ஜோதி, முந்தைய ஆண்டின் சராசரி நுகர்வோடு பத்து விழுக்காடு சேர்த்து, 200 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசமாக்கியது. எளிய குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். எனினும் அதுவும் யூனிட்டையே எண்ணுகிறது. நண்பகலில் நுகர்ந்த யூனிட்டும் மாலை ஏழரைக்கு நுகர்ந்த யூனிட்டும் அதன் கண்ணில் ஒன்றே. உழவரின் இலவசத்துக்கு மணிக்கட்டுப்பாடு உண்டு, வீட்டின் இலவசத்துக்கு இல்லை. முன்னதை வீண்செலவு என்றும் பின்னதை நலத்திட்டம் என்றும் பேசும் நாக்கு ஒன்றாகவே இருப்பது கவனிக்கத்தக்கது.

நகரம் தன் உச்சத்தைக் குறைக்க இயலாது என்பதும் பொய். பெங்களூரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் கட்டாயமாக்கப்பட்டது. கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் தரப்பட்டது. இன்று அந்நகரின் மொட்டைமாடிகளைப் பார்ப்பவர்க்கு அதன் விளைவு தெரியும். காலை உச்சத்தின் ஒரு பகுதி, ஒரு புதிய நிலையமும் கட்டப்படாமல், கூரைகளுக்கு இடம்பெயர்ந்தது. மாலை உச்சத்துக்கு அத்தகைய முயற்சி இன்னும் வேரூன்றவில்லை. நேரத்துக்கேற்ற கட்டணத்தை 2024 ஏப்ரலில் வணிக, தொழில் நுகர்வோர்க்கும், 2025 ஏப்ரலில் உழவர் நீங்கலாகப் பிறர்க்கும் கொண்டுவரவேண்டும் என 2023 இல் ஒன்றிய அரசு விதி செய்தது. அதற்குத் திறன்மிகு அளவி வேண்டும். அளவி பொருத்தும் பேச்சு எழுந்தாலே நகரம் ‘எங்கள் பையில் கைவைக்கிறார்கள்’ என்கிறது. அதே நகரம் உழவர்க்கு அளவி பொருத்தாதது ஏன் என்று கேட்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பெங்களூரின் ஒரு தெரு கோடைமழை இரவில் இருளடைவது பெரும்பாலும் உற்பத்திக் குறையால் அன்று. மரக்கிளை விழுந்த கம்பி, சுமை தாளாத மின்மாற்றி, பழுதான புதைவடம். அது பகிர்மானத்தின் நோய். ஆயிரம் மெகாவாட் புதிதாகக் கட்டினாலும் அந்தத் தெருவுக்கு விளக்கு வராது. எல்லா இருளையும் ஒரே சொல்லால் அழைத்தால் எல்லா இருளுக்கும் ஒரே மருந்து எழுதப்படும்.

6. ஒரே தொகுப்பு, ஒரே மாலை

இவற்றையெல்லாம் பெரிய தொகுப்பு தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்றுண்டு. 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியத் தொகுப்புகள் சரிந்து, இரண்டாம் நாளில் அறுபது கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் இருண்டபோது தெற்கு தப்பியது. அன்று அது வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. தப்பிய அதே தனிமைக்குத் தெற்கு விலையும் கொடுத்துவந்தது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வரும் நேர்மின்வழி போன்ற சில பாதைகளே அதற்கு வெளியுலகம். பாதை நெரிந்தபோதெல்லாம் தென்மாநிலங்கள் சந்தையில் கூடுதல் விலை தந்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியால் தெற்கும் நாட்டுத் தொகுப்போடு ஒன்றாயிற்று.

இணைப்பின் பயன் வேறுபாட்டில் உள்ளது. பஞ்சாபின் உச்சம் ஜூனில் நெல் நடவோடு தொடங்குகிறது. கர்நாடகத்தின் உச்சம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதனால்தான் இவ்விரு மாநிலங்களும் மின்சாரத்தைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்க முடிகிறது. ஆனால் வேறுபாடு குறைந்துவருகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30 ஆம் நாள் நாட்டின் உச்சத் தேவை 250 கிகாவாட். வெப்ப அலை மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் காற்று ஒரே பருவத்தில் வீசுகிறது. சூரியன் ஏறக்குறைய ஒரே வேளையில் மறைகிறது. எல்லா வீடும் ஒரே மாலையில் கடன் கேட்கும் தெருவில் கடன்கொடுப்பார் யார்? தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம் அமைந்திருப்பது பெங்களூரிலேயே. அம்மையம் அதிர்வெண்ணைக் காக்கலாம். இல்லாத வேறுபாட்டைப் படைக்க இயலாது.

7. கணக்கில் வராத இருள்

அரசு அட்டவணைகளில் ‘உச்சநேரப் பற்றாக்குறை’ என்று ஒரு பத்தி உண்டு. தேவைக்கும் நிறைவேற்றியதற்கும் உள்ள வேறுபாடு அது. பல மாதங்களில் அது புறக்கணிக்கத்தக்க அளவே. ஆனால் தேவை என்று அங்கே எழுதப்படுவது எது? முறைவைத்து அணைக்கப்பட்ட வயல் மின்பாதைக்கு அந்நேரத்தில் ‘தேவை’யே இல்லை, அது கேட்கவில்லை, ஏனெனில் கேட்கும் வாய் மூடப்பட்டிருந்தது. அணைக்கப்படுவது வழக்கமாகிவிட்டால் அது பற்றாக்குறையாகப் பதிவாகாது. நகரத்தில் ஒரு மணி நேரம் விளக்கணைந்தால் அது மின்வெட்டு; வயலில் பதினேழு மணி நேரம் மும்முனை மின்சாரம் இல்லாதிருப்பது கால அட்டவணை. சொல்லாட்சியின் இவ்வேறுபாடு அதிகார வேறுபாடு.

தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு படிநிலைகளாகப் பெயரிடப்பட்டு, எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்று முன்கூட்டியே வெளியிடப்பட்டது. அந்நாட்டு மின்துறையைப் பாராட்ட வேறெதுவும் இல்லாவிடினும், இருளை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதற்கு இருந்தது. இலங்கையில் 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை நீண்டபோதும் மக்களுக்கு நேரம் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில் அறிவிக்கப்படாத வெட்டு ‘பராமரிப்பு’ ஆகிறது, ‘தொழில்நுட்பக் கோளாறு’ ஆகிறது. எந்த மின்பாதை, எந்த நாள், எத்தனை நிமிடம் அணைக்கப்பட்டது என்ற தரவு துணைமின் நிலையங்களில் பதிவாகாமல் இல்லை. அது மாவட்ட வாரியாக, வயல் மின்பாதை உட்பட, பொதுவெளியில் வைக்கப்பட்டால் ‘பற்றாக்குறை’ யாரால் தாங்கப்படுகிறது என்பது ஒரே மாதத்தில் வெளிச்சமாகும்.

8. சொல்லின் விலை ஒரு காடு

தவறான சொல் தவறான திட்டத்தை ஈன்றெடுக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில், சிங்கவால் குரங்குகளுக்கான சராவதிப் பள்ளத்தாக்குக் காப்பகத்தினூடே 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. கெருசொப்பா நீர்த்தேக்கத்திலிருந்து தலகளலே நீர்த்தேக்கத்துக்குப் பகலில் நீரை ஏற்றி, மாலையில் இறக்கி, மின்சாரம் பெறுவது நோக்கம். தொழில்நுட்ப அளவில் அது மாலை உச்சத்துக்குச் சரியான கருவியே; தமிழ்நாட்டின் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதி முதல் அதனைச் செய்துவருகிறது. சூழலியலாளரும் உள்ளூர் மக்களும் எதிர்ப்பது கருவியையன்று. அது வைக்கப்படும் இடத்தை. அப்பள்ளத்தாக்கு ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்தது. 1964 இல் நிறைவுற்ற லிங்கனமக்கி அணைக்காக வெளியேற்றப்பட்டவர்களின் நில உரிமைச் சிக்கல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

‘பற்றாக்குறை’ என்று பெயரிட்டால் காடு தவிர்க்கவியலாத இழப்பாகத் தோன்றும். ‘மாலையில் மூன்று மணி நேரச் சிக்கல்’ என்று பெயரிட்டால் வரிசை மாறும். முதலில் நகர்த்தக்கூடிய நகரச் சுமையை நேரக் கட்டணத்தால் நகர்த்துவது. வயல் மின்பாதைகளைச் சூரிய மின்சாரத்தோடு இணைத்து உழவர்க்குப் பகலிலேயே முழு ஒதுக்கீட்டையும் தருவது. துணைமின் நிலையங்களிலும் சூரியப் பூங்காக்களிலும் மின்கலங்களை நிறுவுவது. வறட்சியாண்டுக்கென நீரை மாலைக்கு மட்டும் சேமித்துவைக்கும் விதியைச் சராவதிக்கும் காளிக்கும் எழுதுவது. இவையனைத்தும் செய்தபின்னும் எஞ்சுவது எவ்வளவு என்று காட்டியபிறகே காட்டின் வாயிலைத் தட்டும் உரிமை எவர்க்கும் உண்டு. இன்றோ வரிசை தலைகீழ்: காடு முதலில், உழவரின் இரவு அடுத்து, நகரத்தின் குளிர்சாதனம் ஒருபோதும் இல்லை.

இவ்வரிசையை எதிர்ப்பது பொறியாளர்களின் வேலை மட்டுமன்று. ஆற்றல் குறித்த ஆய்வுகள் பெங்களூரில் குறைவில்லை. அவற்றில் பெரும்பான்மை ஆண்டு நுகர்வையும் மானியத் தொகையையும் எண்ணுகின்றன. மணி நேரத்தை எண்ணுபவை சில, அந்த மணி நேரத்தில் விழித்திருப்பவரை எண்ணுபவை மிகச் சில. அடுத்த கோடையில் யாரேனும் ‘மின்பற்றாக்குறை’ என்று கூறும்போது ஆய்வாளரும் மாணவரும் கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள்: எத்தனை மணிக்கு? எந்த மின்பாதையில்? அந்நேரத்தில் யாருடைய விளக்கு எரிந்துகொண்டிருந்தது? இம்மூன்றுக்கும் விடை தராத எந்த அறிக்கையும், அது எத்தனை ஆயிரம் மெகாவாட்டைப் பற்றிப் பேசினாலும், மின்சாரத்தைப் பற்றிய அறிக்கையன்று.